கல்லூரி வாயிலிற் காத்து நிற்கும் ஆட்டக்காரிகள்

மென்பந்து என்றதும் இலங்கை நேயர்கள் பலருக்கு ஒழுங்கைகளிலும் கடற்கரை வெளிகளிலும் இளைஞர் ஆடும் மென்பந்துக் கிரிக்கெட்டே நினைவுக்கு வரும். இன்று பேசப்படுவது அதுவன்று. ஐக்கிய அமெரிக்காவிலே பெண்பிள்ளைகள் ஆடுகின்ற சொப்ட்போல் என்னும் ஆட்டம் வேறு. அது பேஸ்போலுக்குத் தங்கை முறையானது. எல்லே ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் போக்கை விளங்கிக்கொள்வது கடினமன்று; பந்தை அடித்துவிட்டுச் சுற்றியோடித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வது இரண்டுக்கும் பொதுவான இயல்பு.

1887ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, சிக்காகோ நகரில் ஒரு படகுக் கழகத்தின் மண்டபத்துள், யேல் பல்கலைக்கழகமும் ஹாவார்ட் பல்கலைக்கழகமும் மோதிய காற்பந்தாட்டத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள், முடிவு வந்த மகிழ்ச்சியிலே குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை எறிந்தும் தடியால் அடித்தும் விளையாடியதிலிருந்து இவ்வாட்டம் பிறந்தது. அந்தக் கையுறையைக் கட்டிப் பந்தாக்கி, தரையிலே கோடு கீறி, விதிகளையும் வகுத்தவர் ஜோர்ஜ் ஹன்கொக் என்பவர். சொப்ட்போல் என்ற பெயர் பின்னர் 1926இலே சூட்டப்பட்டது. பெயரில் மென்மை இருக்கிறதேயன்றிப் பந்தில் இல்லை. பன்னிரண்டு அங்குலச் சுற்றளவுள்ள அந்தப் பந்தைக் கல்லூரி ஆட்டத்திலே 43 அடி தூரத்திலிருந்து, தோளைச் சக்கரம்போற் சுழற்றி, கீழ்க்கையால் எறிவார்கள். கைதேர்ந்த ஒருத்தி எறிந்தால் அது மணிக்கு 65 மைலுக்கு மேலும் வேகங்கொள்ளும். எதிரே நிற்பவளுக்கு அடிப்பதா விடுவதா என்று முடிவுசெய்ய அரை விநாடிகூட இல்லை.

அத்தகைய விரைவான முடிவுகளிலே பழகிய பிள்ளைகள், தம் வாழ்க்கையைப் பற்றிய ஒரு முடிவுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்கிறது. கல்லூரி அணிகளுக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் முறையே அதற்குக் காரணம்.

அமெரிக்காவிலே உயர்கல்வியும் விளையாட்டும் பின்னிக்கிடக்கும் விதம் பிறநாட்டார்க்கு வியப்பூட்டுவது. அங்கே பல்கலைக்கழக அணியென்றால், பாடம் முடிந்தபின் பொழுதுபோக்காக ஆடும் கூட்டமன்று. சம்பளம் பெறும் பயிற்றுநர்கள், மருத்துவ உதவியாளர்கள், பிரத்தியேக மைதானம், தொலைக்காட்சி ஒளிபரப்பு எல்லாம் அதற்கு உண்டு. பெண்களுக்கு இந்த வாயில் திறந்தது அண்மைக்காலத்திலேதான். கூட்டரசின் பணவுதவி பெறும் கல்விக்கூடங்களிற் பால் வேறுபாடு காட்டலாகாது என விதித்த சட்டப்பகுதி, ஒன்பதாம் தலைப்பு என வழங்குவது, 1972 யூன் 23ஆந் திகதி கையொப்பமாயிற்று. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான சொப்ட்போல் வாகைப்போட்டியை 1982இலே தொடங்கியது. இன்று அப்போட்டியின் இறுதிச் சுற்று ஒக்லகோமா நகரிலே பெருந்திரளான மக்கள் முன்னிலையில் நடைபெறுகின்றது.

ஆண்பிள்ளைகளுக்குப் பேஸ்போலிலே கல்லூரிக்கு அப்பாலும் பெரும் பொருள் தரும் தொழில்முறை ஆட்டம் உண்டு. சொப்ட்போல் ஆடும் பெண்களுக்கு அத்தகைய வழி நெடுங்காலம் உறுதியாக இருந்ததில்லை. நான்கு அணிகளைக்கொண்ட புதியதொரு தொழில்முறைப் போட்டித்தொடர் 2025இலேதான் தொடங்கிற்று. ஒலிம்பிக்கை நம்பவும் இயலாது. 1996இலே சேர்க்கப்பட்ட ஆட்டம் 2008க்குப் பின் நீக்கப்பட்டது. 2021இலே நடந்த தோக்கியோ விழாவில் ஒருமுறை தலைகாட்டியது. இனி 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் விழாவுக்கே திரும்புகிறது. ஆகவே பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி இவ்வாட்டத்திலே உச்சியென்று எதைக் காண்கிறாள் என்றால், கல்லூரி அணியின் சீருடையையே காண்கிறாள். அவள் பெற்றாரோ அதனோடு சேர்த்துப் புலமைப்பரிசிலையும் காண்கின்றனர்.

கணக்கைப் பார்த்தால் இந்தக் காட்சி சிறிது மங்கும். அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளிலே இவ்வாட்டத்தை ஆடும் பெண்கள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். மேற்சொன்ன சங்கத்தின் மூன்று பிரிவுகளிலுமாகச் சேர்த்துக் கல்லூரிகளில் ஆடுவோர் ஏறத்தாழ 20,000 பேர். அவருள்ளும் முதலாம் பிரிவு என்னும் மேற்படியில் ஆடும் கல்லூரிகள் 300 அளவிலேயே உள்ளன. புலமைப்பரிசிலோ இதனினும் சுருங்கியது. முதலாம் பிரிவிலே ஓர் அணிக்கு 12 முழுப் பரிசில்களே என்ற எல்லை நெடுங்காலம் இருந்தது. அந்தப் பன்னிரண்டையும் இருபது பேருக்கு மேல் பங்கிடுவார்கள். பந்தெறிபவளுக்குப் பெரும்பங்கு போய்விடும். ஓரத்திலே நிற்பவளுக்குப் புத்தகச் செலவுக்குப் போதுமான துண்டு கிடைத்தாலும் கிடைக்கும். ஊரார் முன்னிலையில் ‘மகளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது’ என்று சொல்லும் தந்தை அது எத்தனையில் ஒரு பங்கு என்பதைச் சொல்லுவதில்லை. அதிற் பிழையுமில்லை, ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அடுத்த வீட்டுத் தந்தை முழுப்பரிசில் என்றே எண்ணிக்கொள்கிறார்.

அந்த அடுத்த வீட்டுத் தந்தை மறுநாளே தம் மகளுக்கு ஒரு கழகத்தைத் தேடத் தொடங்குவார். பாடசாலை அணியில் ஆடுவதனால் மட்டும் ஒரு பெண் கல்லூரிப் பயிற்றுநரின் கண்ணிற்படுவது அரிது. பெரும்பாலான மாநிலங்களிலே பாடசாலைப் போட்டிகளும் கல்லூரிப் போட்டிகளும் ஒரே வசந்தகாலத்தில் நடைபெறுவதால், பயிற்றுநர் தம் அணியை விட்டுப் பாடசாலை மைதானங்களைச் சுற்றிவர இயலாது. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் நடைபெறும் கழகச் சுற்றுப்போட்டிகளே அவருக்கு வாய்ப்பான சந்தை. பத்து வயதுக்குட்பட்டோர், பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு, பதினெட்டு என்று வயதுக்கொரு அணியாகக் கழகங்கள் நடத்தப்படுகின்றன. கழகக் கட்டணம், தனிப்பயிற்சி, மட்டை, சீருடை, வானூர்திச் சீட்டு, விடுதி வாடகை எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டொன்றுக்குப் பல ஆயிரம் டொலர் ஆகிவிடும். ஆறேழு ஆண்டுகள் இவ்வாறு செலவிட்டபின் கிடைக்கும் துண்டுப் பரிசிலைத் தட்டின் மறுபக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்கும் துணிவு எல்லாப் பெற்றாருக்கும் வருவதில்லை.

இச்சுற்றுப்போட்டிகளுள் காட்சிப் போட்டி என்று ஒரு வகை உண்டு. கொலராடோவிலும் கலிபோர்ணியாவிலும் கோடைகாலத்தில் நடைபெறுவன பெரியவை. அங்கே யார் வென்றார் என்பது பெரிதன்று. யார் பார்த்தார் என்பதே பெரிது. ஆட்டங்களுக்கு நேரவரம்பு உண்டு. மணி அடித்ததும் முடிந்துவிடும். பந்து பிடிப்பவளின் பின்னாலுள்ள கம்பிவலைக்கு அப்பால், மடக்கு நாற்காலிகளிலே, தத்தம் கல்லூரியின் பெயர் பொறித்த தொப்பியணிந்த பயிற்றுநர்கள் அமர்ந்திருப்பார்கள். கையிலே பந்தின் வேகத்தை அளக்கும் கருவி, மடியிலே குறிப்பேடு. அந்தத் தொப்பிகளின் நிறத்தைப் படிக்கும் கலையிலே அரங்கிலிருக்கும் தாய்மார் தேர்ந்தவர்கள். பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் தொப்பி ஒன்று எழுந்து அடுத்த மைதானத்துக்குப் போய்விட்டால், ஆட்டத்திலே என்ன நடந்தாலும் அவர்களுக்கு அன்றைய பொழுது முடிந்ததுதான்.

பயிற்றுநர் பார்ப்பவை வேறு. முதல்நாள் அவள் அடித்த நெடிய அடியை அவர் காணாமலே போயிருக்கலாம். அவர் வந்து அமர்ந்த இரண்டு சுற்றுக்களில் அவளிடம் ஒரு பந்தும் வராமற்போகலாம். ஆனால் ஆட்டத்துக்கு முன் அவள் எவ்வாறு உடலைப் பதப்படுத்துகிறாள், சுற்று மாறும்போது ஓடுகிறாளா நடக்கிறாளா, தோழி தவறவிட்ட பந்துக்கு என்ன முகம் காட்டுகிறாள், தாய் நீர்ப்போத்தலை நீட்டும்போது வெடுக்கென்று பறிக்கிறாளா என்பவற்றை அவர் குறித்துக்கொள்கிறார். இது நல்ல பயிற்றுநரின் இலக்கணமே. ஆயினும் குறிப்பேட்டில் எழுதப்பட்டது என்ன என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவருவதில்லை.

கல்வித் தகுதியும் வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. முதலாம் பிரிவிற் சேர்வதற்குப் பதினாறு மூலப்பாடங்களும் குறித்த அளவான சராசரிப் புள்ளியும் தேவை. பாடத்தில் நன்றாகத் தேறிய பெண்ணுக்கு விளையாட்டுப் பரிசில் குறைந்தாலும் கல்விப் பரிசில் கைகொடுக்கும். கழகங்களிலே இதை எடுத்துச் சொல்லும் குரல் மெலிந்தே ஒலிக்கிறது.

இம்முறையிலே நெடுங்காலம் மனத்தை வருத்தியது அவசரம். ஒரு பயிற்றுநர் பதினாறு வயதுப் பெண்ணைத் தேடினால், போட்டிப் பயிற்றுநர் பதினைந்து வயதுப் பெண்ணைத் தேடினார். மற்றொருவர் பதினான்குக்கு இறங்கினார். இவ்வாறு இறங்கி இறங்கி, எட்டாம் வகுப்பிலும் சிலபோது அதற்குக் கீழும் படிக்கும் சிறுமிகள் பல்கலைக்கழகங்களுக்கு வாய்மொழி உறுதி கொடுக்கும் நிலை வந்தது. அந்த வயதிலே அவளிடம் நேரடியாகப் பேசப் பயிற்றுநருக்கு விதி இடங்கொடுக்கவில்லை. ஆனால் விதியிலே ஒரு பொந்து இருந்தது. பயிற்றுநர் அவளை அழைத்தல் கூடாது. அவள் அழைத்தால் எடுத்துப் பேசலாம். ஆகவே பயிற்றுநர் கழகத் தலைவரிடம் சொல்வார். கழகத் தலைவர் தந்தையிடம் சொல்வார். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு இன்ன எண்ணை அழைக்கும்படி தந்தை மகளிடம் சொல்வார். பதின்மூன்று வயதுப் பிள்ளை எழுதிவைத்த வினாக்களைக் கையிற் பிடித்துக்கொண்டு, முன்பின் அறியாத பெரியவர் ஒருவருக்குத் தொலைபேசியில் அழைத்துத் தன்னை விலைகூற வேண்டியிருந்தது. அந்தப் பயிற்றுநர் அவ்வேளை தொலைபேசியை எடுக்காவிட்டால் மறுபடி அழைக்கவும் அவருக்கு உரிமையில்லை. மறுவாரம் மீண்டும் அதே சடங்கு.

இந்த ஓட்டப்பந்தயத்திலே பயிற்றுநர்களே களைத்துப்போயினர். பதின்மூன்று வயதிலே வேகமாய் எறிந்தவள் பதினெட்டிலும் அவ்வாறே எறிவாள் என்பதற்கு உறுதியேது? அவர்களிற் பலரே முன்னின்று கேட்டதன் பயனாக 2018இலே விதி மாற்றப்பட்டது. பதினோராம் வகுப்பு ஆண்டின் செப்டெம்பர் முதலாந் திகதிக்கு முன் முதலாம் பிரிவுப் பயிற்றுநர் எவரும் ஒரு பெண்ணுடன் ஆட்சேர்ப்புப் பற்றிப் பேசலாகாது. அவள் அழைத்தாலும் பேசலாகாது. பெற்றார் வழியாகவோ கழகத்தின் வழியாகவோ பேசுவதற்கும் இடமில்லை. இது நல்ல விதி. சிறுமிகளுக்கு இரண்டு மூன்று ஆண்டு இளமையை அது திருப்பிக்கொடுத்தது.

எனினும் ஒரு கதவை அடைத்தபோது வேறொரு துன்பம் உள்ளே தங்கிவிட்டது. அதுவே இப்பொழுது பெற்றாரும் பிள்ளைகளும் பெரிதும் மனம்நொந்து பேசுவது. மௌனம் என்று அதற்குப் பெயரிடலாம்.

பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியை எண்ணிக்கொள்ளலாம். அவள் நாற்பது கல்லூரிகளுக்கு மின்னஞ்சல் எழுதுகிறாள். தன் ஆட்டத்தின் காணொளியை இணைத்து அனுப்புகிறாள். அடுத்த வாரம் இன்ன மைதானத்தில் இன்ன நேரத்தில் ஆடுவேன் என்றும் குறிப்பிடுகிறாள். பதில் வராது. வராததற்கு விதி காரணமா, விருப்பமின்மை காரணமா? அவளால் அறியமுடியாது. விதி தடைசெய்யாத சில தாள்கள் மட்டும் வரும். விவரக்கொத்து நிரப்பும் படிவம் ஒன்று. கல்லூரி நடத்தும் பயிற்சி முகாமுக்கு அழைப்பு ஒன்று. அழைப்பிலே அவளுடைய பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. கல்லூரியின் இலச்சினை மின்னுகிறது. வீட்டிலே அன்று திருவிழா. முகாமுக்குக் கட்டணம் உண்டு, வழிச்செலவும் உண்டு. அங்கே போய்ப் பார்த்தால் அவளைப்போல் நூறு பேர் நிற்கிறார்கள். முகாமைப் பணங்கட்டும் எவருக்கும் திறந்துவைக்க வேண்டும் என்பதே விதி. ஆகவே அழைப்பு வந்தது என்பதனால் விருப்பம் உண்டு என்று கொள்வதற்கில்லை. பல கல்லூரிகளிலே முகாம் வருமானம் துணைப் பயிற்றுநரின் சம்பளத்துக்கு உதவுகிறது. அதனாலே முகாமெல்லாம் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. உண்மையாகவே அங்கே கண்டெடுக்கப்பட்ட பெண்களும் உளர். எது மெய், எது வெறும் அச்சுத்தாள் என்று பிரித்தறியும் அளவுகோல் மட்டும் அந்த வீட்டாரிடம் இல்லை.

பின்பு அந்தச் செப்டெம்பர் முதலாந் திகதி வருகிறது. நள்ளிரவு பன்னிரண்டு மணி அடித்ததும் பயிற்றுநர்கள் தாம் முதலாவதாக விரும்பும் பெண்களை அழைக்கத் தொடங்குவார்கள். சில வீடுகளிலே தொலைபேசி விடியும்வரை ஓயாது. பல வீடுகளிலே பிள்ளை மேசையில் வைத்த கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே உறங்கிவிடுகிறாள். மறுநாள் பாடசாலையில், யாருக்கு யார் அழைத்தார் என்பதே பேச்சாக இருக்கும். அழைப்பு வராதவளிடம் ஒருவரும் ‘நீ வேண்டாம்’ என்று சொல்லவில்லை. சொல்லாததே இங்கே கொடுமையாகிறது. நாளைக்கு வரலாம்; அடுத்த காட்சிப் போட்டியின்பின் வரலாம்; இன்னும் ஒரு முகாமுக்குப் போனால் வரலாம். இந்த ‘லாம்’ என்ற ஈற்றசையின்மேல் ஒரு பெரிய வாணிகமே கட்டப்பட்டிருக்கிறது: தனிப்பயிற்சி தருவோர், காணொளி எடுத்துத் தருவோர், பெயரைப் பட்டியலிட்டுத் தரம் எழுதுவோர், கல்லூரிகளுக்கு அறிமுகஞ்செய்து வைப்பதாகப் பணம் பெறுவோர் என்று.

புலமைப்பரிசில் என்ற சொல்லைக் கேட்டதும் இங்குள்ளோர்க்குப் பரீட்சையும் வெட்டுப்புள்ளியும் நினைவுக்கு வரும். வெட்டுப்புள்ளி இரக்கமற்றது, ஒரு புள்ளியிலே பிள்ளையை வெளியே நிறுத்திவிடும். ஆயினும் அது இன்ன நாளில், எல்லோரும் அறிய, ஒரு விடையைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்கப் பெண்ணுக்கு அந்த விடை கிடைப்பதில்லை.

பயிற்றுநரின் பக்கத்தையும் சிறிது எண்ணிப்பார்க்க வேண்டும். அவருக்கு வரும் மின்னஞ்சல்கள் எண்ணிறந்தவை. அவருடைய வேலை வெற்றியிலே தங்கியுள்ளது. தோற்கும் அணியின் பயிற்றுநருக்கு நெடுநாள் இடமில்லை. இவ்வாண்டு அவருக்கு வேண்டியது இரண்டு பந்தெறிவாளரும் ஒரு பந்து பிடிப்பவளும் என்றால், உலகிலேயே சிறந்த இரண்டாந்தளக் காவற்காரி வந்து நின்றாலும் அவளுக்கு இடமில்லை. முதலாவதாக விரும்பிய பெண் மறுத்துவிட்டால் நான்காவதாக நிற்பவள் வேண்டும். ஆதலால் நான்காமவளிடம் ‘இல்லை’ என்று சொல்ல அவர் நா எழுவதில்லை. இது வஞ்சகமன்று, எச்சரிக்கை என்று அவர் சொல்லுவார். ஆனால் அந்த எச்சரிக்கையின் செலவு முழுவதையும் பதினாறு வயதுப் பிள்ளையும் அவள் வீட்டாருமே ஏற்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

அழைப்பு வந்து, பயிற்றுநர் இடந்தருவதாகச் சொல்லி, அவளும் சம்மதித்தபின்னரும் கதை முடிந்துவிடவில்லை. வாய்மொழி உறுதி இருதரப்பாரையும் கட்டாது. பன்னிரண்டாம் வகுப்பின் நவம்பர் மாதத்திலேதான் தாளிற் கையொப்பமிட முடியும். இடைப்பட்ட ஓராண்டிலே பயிற்றுநர் வேறொரு கல்லூரிக்குப் போய்விடலாம். புதிதாய் வருபவர் பழையவரின் சொல்லைக் காக்கவேண்டும் என்பதற்கு விதியேதும் இல்லை. அவள் தோள் நோவெடுக்கலாம். வேகமாய் எறியும் வேறொருத்தி அகப்படலாம். 1964 முதல் வழங்கிவந்த தேசிய உறுதிக் கடிதம் என்னும் முறையும் 2024 ஒக்டோபரில் நீக்கப்பட்டு, அதனிடத்திலே கல்லூரியுடன் செய்யும் பணவுதவி உடன்படிக்கை வந்திருக்கிறது.

அண்மை ஆண்டுகளிலே மூன்று பெரிய மாற்றங்கள் அடுத்தடுத்து வந்து இந்த வாயிலை இன்னும் ஒடுக்கின. முதலாவது கொள்ளைநோய். 2020 வசந்தகாலப் போட்டிகள் இடையில் நின்றுபோனதால், அவ்வாண்டு ஆடியோர்க்கு மேலும் ஓராண்டு ஆடும் உரிமை வழங்கப்பட்டது. வழங்கியது நியாயமே. ஆனால் போகவேண்டியவர்கள் போகாமல் நின்றபோது, வரவேண்டியவர்கள் வெளியே நின்றார்கள். மேலும், 2020 மார்ச்சு முதல் 2021 மே முடியும்வரை பயிற்றுநர் எவரும் நேரிற் சென்று ஆட்டம் பார்க்கத் தடை இருந்தது. அக்காலத்திலே பதினோராம் வகுப்பிற் படித்த பெண்கள் தம் மிகச் சிறந்த ஆட்டங்களை வெற்று நாற்காலிகளின் முன் ஆடினார்கள்.

இரண்டாவது, கல்லூரி மாறுதல். 2018 ஒக்டோபரிலே கல்லூரி மாற விரும்புவோரின் பெயரைப் பதியும் பொதுப்பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்தடுத்து விதிகள் தளர்ந்தன. பதினேழு வயதுப் பெண் எவ்வாறு வளர்வாள் என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, கல்லூரியிலே இரண்டாண்டு ஆடித் தேறிய இருபது வயதுப் பெண்ணை எடுப்பது பயிற்றுநருக்கு எளிதாயிற்று. இதனாற் பெண்களுக்கு நன்மையும் உண்டு. முன்பு பயிற்றுநர் விரும்பியபோது போகலாம். ஆட்டக்காரி போக முடியாது. அந்த அநீதி ஓரளவு தீர்ந்தது. பந்தெறிவாளரான நைஜாரி கனடி என்பவர் 2024இலே ஸ்டன்போர்டிலிருந்து டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது, அவருடைய பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமைக்காகப் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட உடன்படிக்கை ஏற்பட்டது. அடுத்த ஆண்டு அவருடைய அணி இறுதிப் போட்டிவரை சென்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. சொப்ட்போல் ஆடும் பெண்ணுக்கு இவ்வளவு பணம் என்பது அதற்கு முன் கனவிலும் இல்லாதது. உச்சியில் நிற்பவர் ஒருவருக்குக் கிடைத்த செல்வம், அடிவாரத்தில் நிற்கும் ஆயிரம் வீடுகளிலே புதிய ஆசையை மூட்டிற்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மூன்றாவது, நீதிமன்றத் தீர்வு. ஹவுஸ் வழக்கு என வழங்கும் வழக்கின் சமரசத்தை நீதிபதி குளோடியா வில்க்கன் 2025 யூன் 6ஆந் திகதி ஏற்றுக்கொண்டார். அதன்படி, சமரசத்திற் சேரும் கல்லூரிகளிலே 12 பரிசில் என்ற எல்லை அகன்றது. விரும்பினால் அணியிலுள்ள எல்லோருக்கும் முழுப்பரிசில் கொடுக்கலாம். அதற்கு மாறாக, அணியில் 25 பேருக்கு மேல் இருக்கலாகாது என்ற எல்லை வந்தது. செல்வமுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இது வரப்பிரசாதம். பரிசில் வேண்டாம், அணியின் ஓரத்திலாவது ஓர் இடம் போதும் என்று வந்து, உழைத்து, நாலாம் ஆண்டிலே களமிறங்கிய பெண்களின் வழி இதனால் ஒடுங்கியது. சமரசம் ஏற்கப்படுவதற்கு முன்னரே பல விளையாட்டுக்களிலும் அணிகளைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். வருவதாக உறுதிபெற்ற பிள்ளைகளும் இடமிழந்தார்கள். அவ்வாறு இழந்தோர்க்கு வழிசெய்தாலன்றிச் சமரசத்தை ஏற்பதற்கில்லை என்று நீதிபதி நிறுத்திவைத்தது குறிப்பிடத்தக்கது. அதன்பின்பே அவர்களை 25 என்ற கணக்கிற் சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. ஆனால் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்ற கட்டாயம் வரவில்லை.

முதலாம் பிரிவைப் பற்றியே இவ்வளவு பேச்சும். கழக மைதானங்களிலும் அப்படித்தான். மூன்றாம் பிரிவு என்றால் முகங்கள் சுருங்கிவிடுகின்றன. அங்கே விளையாட்டுக்கென்று பரிசில் கிடையாது என்பதே காரணம். ஆனால் 400 அளவிலான கல்லூரிகள் அப்பிரிவிலே இவ்வாட்டத்தை ஆடுகின்றன. குடும்ப வருமானத்தையும் படிப்பையும் பார்த்து அவை வழங்கும் உதவி, முதலாம் பிரிவின் துண்டுப் பரிசிலைவிட அதிகமாக இருப்பதும் உண்டு. செப்டெம்பர் வரை வாய்பொத்தியிருக்க வேண்டும் என்ற விதியும் அங்கில்லை. பயிற்றுநர் தொலைபேசியிற் பேசுவார், கடிதத்துக்குப் பதில் எழுதுவார். ஈராண்டுக் கல்லூரிகளும் உள. அங்கே ஆடித் தேறிப் பின்பு பெரிய பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பெண்கள் பலர். இவற்றையெல்லாம் பதினேழாம் வயதிலே, எல்லா அழைப்பும் ஓய்ந்தபின், தோல்வியின் ஆறுதலாகக் கேள்விப்படுவதாற்றான் முகம் சுருங்குகிறது. பதினான்காம் வயதிலே ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் அதே கல்லூரி ஒரு விருப்பமாக நின்றிருக்கும்.

சில பெற்றார் இப்பொழுது வேறொரு வழியைக் கைக்கொள்கிறார்கள். பயிற்றுநர் பேசலாம் என்ற நாள் வந்ததும், மகளைக்கொண்டே நேராக வினவச் செய்கிறார்கள். ‘நான் சேரும் ஆண்டிலே இந்த இடத்துக்கு எத்தனை பேரை எடுக்கப்போகிறீர்கள்? உங்கள் பட்டியலிலே என் பெயர் இருக்கிறதா? இருந்தால் எத்தனையாவது?’ பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைக் கேட்க நெஞ்சுரம் வேண்டும். கேட்டவர்களிடம் பல பயிற்றுநர்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். கேளாதபோது சொல்லத் தயங்கியதைக் கேட்டபோது மறைக்க மனம் வருவதில்லை போலும். ‘இல்லை’ என்ற பதில் வந்த வீட்டிலே அன்றிரவு உணவு இறங்காது. ஆனால் அந்தக் கல்லூரியின் முகாமுக்குக் கட்ட எடுத்துவைத்த பணம் அப்படியே இருக்கும். நாற்பது பெயர்கொண்ட பட்டியலிலே ஒரு பெயரை அடித்துவிட்டு, அடுத்த பெயருக்குக் கடிதம் எழுத மறுநாள் மாலை அவளுக்கு நேரமும் இருக்கும்.